சாறு ஆறும்வரை

பீர் காய்ச்சுவதில் முக்கால்வாசி வேலை பாத்திரம் கழுவுவதுதான். மீதிக் கால்வாசி, கை கழுவாதவர்களை உள்ளே விடாமல் இருப்பது. நார்வேயில் எங்கள் வோஸ் பக்கத்தில் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மரத்தொட்டியில் காய்ச்சிக் குடித்த காலத்தில் எவனும் சாகவில்லையே என்பார்கள்.

முளைகட்டிய பார்லிச் சாறு கொதித்துக்கொண்டிருக்கும்வரை எதற்கும் அஞ்சாது. ஆறத் தொடங்கினால் பச்சைப்பிள்ளை. ஈஸ்ட் போடுவதற்குள் எந்தக் கிருமியும் குடியேறிவிடும். என் மனைவியின் தம்பி ஒட்வார் மாடு வளர்ப்பவன். புளித்த பால் வாடையோடுதான் எங்கும் வருவான். போன வருஷம் ஆறுகிற சாற்றில் விரலை விட்டு நக்கினான்.

"என்ன மச்சான், பீர் காய்ச்சுறியா, பிரசவம் பாக்குறியா?"

பீர் புளித்தது. கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு, ஸ்டைனார்" என்றார்கள். எங்கள் ஊரில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

இந்த டிசம்பர். மதியம் இரண்டு மணி, மைனஸ் பதினெட்டு. சாறு ஆறிக்கொண்டிருந்தது. தொழுவச் சட்டையோடு ஒட்வார் வருவது ஜன்னலில் தெரிந்தது. வாசலுக்கு நான்கடி முன்னால் உறைபனியில் வழுக்கி விழுந்தான். கால் மடங்கிய விதம் சரியில்லை.

"மச்சான், கால் போச்சு. கதவைத் திற."

"சாறு ஆறட்டும்டா."

சிரித்தான். "நான் விறைச்சுச் செத்தா அக்காவுக்கு நீதான் பதில் சொல்லணும், பாத்துக்க."

அப்புறம் கத்த ஆரம்பித்தான்.

ஈஸ்ட் போடும்போது தொட்டிக்கு மேல் நின்று கத்துவது எங்கள் வழக்கம். எவ்வளவு கத்துகிறோமோ அவ்வளவு வீரியம் பீருக்கு. பக்கத்துப் பண்ணை குன்வோர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, "இந்த வருஷம் ஸ்டைனார் விடமாட்டார் போல" என்று கணவனிடம் சொல்லிச் சிரித்தாளாம். அதனால் யாரும் வரவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

சாறு முப்பத்தெட்டு டிகிரிக்கு வர மூன்று மணி நேரம் ஆனது. ஈஸ்டைப் போட்டேன். நான் கத்தவில்லை. வெளியேயும் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

ஒரு நிமிஷம் திறந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நீங்கள் பீர் காய்ச்சியதில்லை என்று தெரிகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. தாழ்ப்பாளை நான் போட்டதே அவன் விழுந்த பிறகுதான். தவழ்ந்து வந்துவிடுவானே. அவன்மேல் எனக்குக் கோபம் துளியும் கிடையாது.

பீர் இந்த வருஷமும் புளித்துவிட்டது. உள்ளே நான் ஒருவன்தான் இருந்தேன். எல்லாவற்றையும் இரண்டு முறை கழுவியிருந்தேன். கதவிடுக்கு வழியாக அவன் மூச்சுக்காற்று வந்திருக்க வேண்டும்.