ஒற்றன் என்று நாம் தள்ளிவைத்த சைலஸ் வார்ட்லி

அவைத்தலைவர் போதகர் ஹிக்லிங் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி டார்க்கஸ் வார்ட்லி அவர்களே, காலுறைத் தறிகளை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே! கதவோரம் நிற்கும் முகம் தெரியாத நண்பர்களே, உங்களுக்கும் என் வணக்கம்.

நம் சங்கத்தின் தூதர், உண்மைத் தொண்டர் சைலஸ் வார்ட்லி மறைந்தார். குதிரைப்படையின் வாள் அவரைக் கொன்றது என்கிறார்கள். வாள் மட்டும்தானா?

கூலிக் குறைப்பை எதிர்த்து நாம் எழுதிய கடிதங்களை மூன்று குளிர்காலம் நாட்டிங்ஹாமுக்கு நடந்தே கொண்டுபோனவர் அவர். ஒரு கடிதமாவது தவறியதுண்டா? ஒன்றாவது பிறர் கையில் சிக்கியதுண்டா?

சென்ற மார்ச்சில் லண்டன் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு பெல் வந்தார். ஈட்டி செய்யுங்கள், லண்டன் கிளர்ந்தெழத் தயார் என்றார். நாம் மயங்கினோம். சைலஸ் ஒருவர்தான் எழுந்து கேட்டார்.

"ஏன்யா, எங்கள தூக்குக்கயிறு வரைக்கும் தள்ளிவிடுறீரே, நீரு எந்த ஊருத் தறியில உக்காந்தவரு? அதச் சொல்லுமே."

பெல் பேச்சை ஈட்டிக் கணக்குக்கு மாற்றினார். அடுத்த வாரம், சைலஸை மாஜிஸ்திரேட் வீட்டுப் பின்வாசலில் பார்த்ததாகச் சொன்னார். பார்த்தது உண்மைதான். அந்த வீட்டுத் துணிகளை வெளுப்பவர் அவர் மனைவி, சகோதரி டார்க்கஸ். அவருக்கு மணிக்கட்டு சுளுக்கியிருந்ததால் கூடையை சைலஸ் சுமந்து போனார். இதை நாம் கேட்டோமா? அவரைப் பேசவே விடாமல் கைதூக்கி நீக்கினோம். முதலில் உயர்ந்த கை என்னுடையது.

அவர் கதவில் தார் பூசினோம். டார்க்கஸ் கிணற்றடிக்கு வந்தால் மற்ற பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

ஜூன் மாதம், பெல் குறித்த நாளில், ஈட்டிகளோடு கல்குவாரியில் கூடினோம். பெல் வரவில்லை. சைலஸ்தான் மூச்சிரைக்க ஓடிவந்தார். சத்திரத்து லாயத்தில் அறுபது குதிரைகள் சேணத்தோடு நிற்கின்றன என்றார். நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்: "வாய்யா, எசமான் அனுப்பிச்சாரா?" சிலர் சிரித்தீர்கள்.

"என்னைய அப்புறமா திட்டிக்க, ரூபன். ஆளுங்கள மொதல்ல காட்டுப் பக்கம் அனுப்பு" என்றார் அவர்.

நான் அசையவில்லை. குளம்புச் சத்தம் கேட்ட பிறகுதான் ஓடினோம். அவரோ குவாரியின் மரக்கதவைச் சாத்தி முதுகு கொடுத்து நின்றார். கதவுக்கு மேலாக வீசிய வாள் அவர் தோளில் இறங்கியது. ஒன்பது பேர் பிடிபட்டார்கள். முப்பது பேர் வீடு திரும்பினோம். அவர் ஆறு நாள் கிடந்தார். பார்க்கப் போனேன், டார்க்கஸ் கதவைத் திறக்கவில்லை. அது நியாயம்.

பிடிபட்ட ஒன்பது பேரின் விசாரணை நாளில் பெல், மாஜிஸ்திரேட்டின் வண்டியிலிருந்து இறங்கினார்.

தோழர்களே, பெல் போய்விட்டார். ஆனால் இங்கே நான் பேசுவது என்று இன்று காலைதான் ஐந்து பேர் கூடி முடிவு செய்தோம். நான் தெருமுனையை எட்டும் முன்பே கான்ஸ்டபிள் வழிமறித்தார். "நீருதான் பேசுறீராமே? சுருக்கமா முடிச்சிரும்" என்றார்.

திரும்பிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் துருவாதீர்கள். அப்படித் துருவித்தான் ஒரு நேர்மையானவரைத் தொலைத்தோம். இனி எவரையும் நேரில் கேளாமல் தள்ளமாட்டோம் என்று சைலஸின் பெயரால் உறுதி சொல்வோம்.

சிறையிலிருக்கும் ஒன்பது பேருக்கான மனு இந்த மேசையில் இருக்கிறது. நாளை அதை நான் நாட்டிங்ஹாமுக்கு நடந்து கொண்டுபோகிறேன். கையெழுத்திடுகிறவர்கள் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு இடுங்கள். கேட்டுக்கொண்டு போய்ச் சொல்ல வந்திருப்பவரே, நீர் யாராயினும் சரி, என் பெயர் ரூபன் ஆல்சாப். பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும்.