மாருன்னு சொல்லுங்கண்ணா

எந்திரிக்காதீங்கண்ணா, உக்காருங்க. இப்பப் போயி உங்க வீட்டுக்காரம்மாவ வெளிய கூட்டிட்டு வந்தீங்கன்னா, ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தது தண்டம். அடுத்த டோக்கன் அவங்களுதுதான். சாந்தம்மா, வேப்பனப்பள்ளின்னு கூப்பிட்டு இப்பத்தானே உள்பெஞ்சுல உக்கார வெச்சாங்க. இந்த பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு. ஊருல உங்க மாந்தோப்ப யாரும் வேரோட புடுங்கிட்டுப் போயிட மாட்டாங்க.

என்னாது, நெஞ்சுவலியா? நெஞ்சுவலிக்கு எதுக்குண்ணா மேமோகிராம்? மாருவலின்னு சொல்லுங்க. ஐயோ, ஏன் அந்தப் பக்கம் திரும்பறீங்க? அங்க காலண்டரு மட்டுந்தான் இருக்குது. நான் என்னா கெட்ட வார்த்தையா சொல்லிட்டேன்? நீங்களும் நானும் பொறந்த ஒடனே வாய வெச்ச எடம்தானே.

ம், சிரிக்கறீங்க. சிரிச்சாலே பாதி சரியாயிடும்.

நெஞ்சுன்னு சொல்லப் போயித்தாண்ணா நான் ஆம்புலன்ஸ்ல ஏறுனேன். நெஜமாங்க. என் பேரு ஜெபசீலி, மத்திகிரில வாடகை வீடு. சிப்காட்ல ஒரு கம்பெனில பேக்கிங்ல இருக்கறேன். இரும்பு பார்ட்ஸு அடுக்கின ட்ரேய இங்கருந்து தூக்கி அங்க வெக்கணும், அங்கருந்து தூக்கி இங்க வெக்கணும். பன்னெண்டு வருசமா அதேதான். முந்தின வருசம் கிறிஸ்துமஸு முடிஞ்ச கையோட இடது பக்கம் ஒரு வலி வந்துச்சு. மாசா மாசம் தலைக்கு ஊத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கனக்குமே, அது இல்ல. அது எல்லாப் பொம்பளைக்கும் வர்றது, வந்துட்டுத் தானா போயிடும். இது ஒரே எடம். விரல வெச்சுக் காட்டலாம். மூணு மாசம் போவவே இல்ல.

வீட்டுல சொன்னேன். எங்க வீட்டுக்காரரு நிமுந்துகூடப் பாக்கல, கேஸுன்னாரு. அவருக்கு எல்லாமே கேஸுதாண்ணா. தலவலியா, கேஸு. முழங்கால் வலியா, கேஸு. அவரு கணக்குப்படி நான் பொம்பளையே இல்ல, சிலிண்டரு.

கூட வேல செய்யற ராஜாத்தி, ஊத்தங்கரக்காரி, அவ சொன்னா, உன் உள்பாடி டைட்டு, அதான்னு. சரின்னு ரெண்டு சைஸு பெருசா வாங்கிப் போட்டேன். வலி அப்படியே இருந்துச்சு, உள்பாடிதான் வழுக்கிக்கிட்டு இடுப்புக்கு வந்துச்சு. அப்புறம் எங்க பாஸ்டரம்மா. எண்ணெ வெச்சு ஜெபம் பண்றேன்னாங்க. வலிக்கற எடத்துல கைய வெக்க அவங்களுக்குக் கூச்சம், தோள்ல வெச்சு ஜெபிச்சாங்க. ஆண்டவரு அட்ரஸ்ஸ மாத்திப் புரிஞ்சுக்கிட்டாரு போல. தோளுக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு.

ஒருநாளு ஷிப்டுல ட்ரேயத் தூக்கறேன், சுருக்குன்னு புடிச்சுது பாருங்க, அம்மான்னு உக்காந்துட்டேன். கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு ரூமுல அன்னிக்குன்னு பாத்து மணிகண்டன்னு ஒரு பையன் நர்ஸு. மீச இப்பத்தான் மொளைக்குது. எந்த எடத்துலக்கா வலிக்குதுங்கறான். அவங்கிட்ட மாருன்னு எப்படிண்ணா சொல்றது? நெஞ்சு தம்பின்னேன். எந்தப் பக்கம்? இடது பக்கம். முடிஞ்சுது. அவன் மொகம் வெளுத்துப் போயி, நாக்குக்குக் கீழ ஒரு மாத்திரைய வெச்சு, ஸ்ட்ரெச்சர்ல படுக்கப் போட்டு, லைன நிறுத்தி, சூப்பர்வைசரு ஓடி வந்து, சைரன் போட்டுக்கிட்டு பாகலூர் ரோட்டுல போறேன். எனக்குத் தெரியும் இது நெஞ்சு இல்லன்னு. வாயத் தொறந்து சொன்னா மானம் போயிடும். சொல்லலைன்னா ஹார்ட்டுக்கு ஊசி போட்டுடுவாங்க. நடுவுல படுத்துக்கிட்டு ஏசுவே ஏசுவேங்கறேன்.

ஈசிஜி எடுத்தாங்க. ஹார்ட்டு குதிர மாதிரி இருக்குதுன்னாங்க. அப்புறம் ஒரு லேடி டாக்டரு வந்து, கதவச் சாத்திட்டு, இப்பச் சொல்லும்மா, நெஜமா எங்க வலின்னாங்க. அழுதுட்டேண்ணா. அந்த மூணு மாசத்துல யாருமே அப்படிக் கேக்கல.

அவங்க நல்லாத் தடவிப் பாத்தாங்க, அக்குள் வரைக்கும். அப்புறம் விலா எலும்பு சேர்ற எடத்துல ஒரு அமுக்கு. கத்திட்டேன். வலி மாருலயே இல்லம்மா, அதுக்குப் பின்னாடி இருக்குதுன்னாங்க. ட்ரே தூக்கித் தூக்கி அங்க வீங்கியிருக்குதாம். வெறும் வலி மட்டும்னா அது கேன்சரா இருக்கறது ரொம்பக் கம்மியாம். ஆனா உனக்கு நாப்பத்தாறு ஆவுது, ஒரே எடத்துல விடாம வலிக்குது, இதுவரைக்கும் படமே எடுத்ததில்ல, அதனால ஒருதடவ எடுத்துரலாம்னாங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் அப்படித்தானே சொல்லியிருப்பாங்க? ஆறு மாசமா ஒரே எடம்னு அவங்களே என்கிட்ட சொன்னாங்க. நீங்க மாத்திரைய மட்டும் வாங்கிக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கறீங்க.

வலிக்குமான்னா? பொய் சொல்ல மாட்டேன், அமுக்கும். எங்க கம்பெனில பிரஸ் ஷாப் இருக்குது, தகட்ட உள்ள வெச்சா டமால்னு எறங்கும் பாருங்க, அந்த மிசினோட தங்கச்சி மாதிரி இது. கீழ ஒரு தட்டு, மேல ஒரு தட்டு, நடுவுல நம்ம சமாச்சாரம். தோச மாதிரி ஆயிடும். ஆனா அஞ்சாறு எண்றதுக்குள்ள விட்டுடும். நான் வேற விசேஷத்துக்குப் போறாப்புல பவுடர அப்பிக்கிட்டு வந்திருந்தேன். பவுடரு படத்துல வெள்ளப் புள்ளியா விழுமாம், ஈரத் துணி குடுத்துத் தொடைக்கச் சொல்லிட்டாங்க. படம் எடுக்கற பொண்ணு ஆனேக்கல்காரி. உசிரு ஹிட்கொள்ளி, உசிரு ஹிட்கொள்ளின்னுச்சு. மூச்சப் புடிச்சுக்கங்கன்னு அர்த்தம். எனக்குக் கன்னடம் தெரியும், ஆனா அந்த நேரத்துல தமிழே மறந்துடுச்சு. உசிரப் புடுங்கறேன்னு சொல்றாளோன்னு பயந்துட்டேன்.

ரெண்டு நாளு கழிச்சு ரிசல்ட்டு. சுத்தம். ஒண்ணுமில்ல. ட்ரேய ரெண்டு ரெண்டா தூக்காதேன்னு லெட்டரு குடுத்தாங்க, ஒரு மாத்திர குடுத்தாங்க, ஒண்ணரை மாசத்துல வலி போயிடுச்சு. கையில ஒரு பேப்பரும் குடுத்தனுப்புனாங்க, படம் போட்டு. புதுசா கட்டி தட்டுப்பட்டாலோ, தோலு குழி விழுந்தாலோ, காம்பு உள்ள இழுத்தாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, வலி இருக்குதோ இல்லியோ, நாளத் தள்ளாம வரணும்னு.

என்னாண்ணா? அப்ப நான் எதுக்கு இன்னிக்கு இங்க உக்காந்திருக்கேனா? நல்லாக் கேட்டீங்க போங்க. எனக்கு இல்ல. உள்ள மிசின்ல இருக்கறது எங்க வீட்டுக்காரரு.

ஆமாண்ணா, வீட்டுக்காரருதான். மைக்கேல்ராஜ். ஏன், ஆம்பளைக்கு அந்த எடத்துல ஆண்டவரு பள்ளமா தோண்டி வெச்சிருக்காரு? அவங்களுக்கும் கொஞ்சம் இருக்குதாம், மாருல கேன்சர் வர்ற நூறு பேருல ஒருத்தரோ என்னமோ ஆம்பளையாம், டாக்டரு சொன்னாங்க. அந்தப் பேப்பர வெச்சுக்கிட்டு நான் கண்ணாடி முன்னாடி நின்னு எப்படித் தடவிப் பாக்கறதுன்னு பழகிக்கிட்டிருந்தேன். இவரு பனியனோட வந்து எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, இடுப்ப ஆட்டிக்கிட்டு, என்ன மாதிரியே கையத் தூக்கி, டாக்டரம்மா டாக்டரம்மா எனக்கும் பாருங்கன்னு தன் மார அமுக்கிக் காட்டறாரு. நானும் சிரிக்கறேன். அப்படியே கை நின்னுடுச்சுண்ணா. இடது காம்புக்குக் கீழ. என்னாங்கன்னேன். ஒண்ணுமில்லன்னு சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டாரு.

மூணு வாரம் மூடி மறைச்சாரு. கம்பெனில குவாலிட்டி இன்ஸ்பெக்டருண்ணா அவரு. மயிரிழ வித்தியாசம் இருந்தாலும் பார்ட்ட ரிஜெக்ட் பண்ணுவாரு. தன் ஒடம்புல நெலக்கடலையாட்டம் ஒண்ண வெச்சுக்கிட்டு பாஸ் போட்டுட்டாரு. ஏன் சொல்லலைன்னு கேட்டா, வலிக்கலையேங்கறாரு. வலிச்ச எனக்கு ஒண்ணுமில்ல, வலிக்காத அவருக்கு இருந்துச்சு. நாந்தான் இழுத்துட்டு வந்தேன். இதே எடம், இதே நாற்காலி. ஃபாரத்துல கடைசியா மாசவிலக்கு ஆன தேதின்னு ஒரு கட்டம் இருக்குது. எந்தக் கட்டத்தையும் காலியா விடக் கூடாதுன்னு பழக்கமாச்சே, பொருந்தாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.

கேன்சர்தான்னு சொன்ன அன்னிக்குப் பார்க்கிங்ல வண்டிய எப்படி ஸ்டார்ட் பண்றதுன்னே தெரியாம நின்னாரு. இருவது வருசமா ஓட்டற வண்டி. சாவிய வாங்கி நான் ஓட்டுனேன். மத்திகிரி வர்ற வரைக்கும் என் தோளப் புடிச்சுக்கிட்டே வந்தாரு.

போன ஆடில ஆபரேஷன். ஒரு பக்கம் எடுத்தாச்சு. சின்னதா இருக்கறப்பவே புடிச்சதால கீமோங்கற ஊசி மருந்து இல்ல, தெனம் ஒரு மாத்திர. வேலைக்குப் போறாரு, சண்ட போடறாரு, கறிக்கொழம்புல உப்பு இல்லங்கறாரு. இன்னொரு பக்கத்துக்குத்தான் இன்னிக்கு செக்கப்பு.

அதோ கதவு தொறக்குது. அந்த ரோஸ் கலரு கவுனுல வர்றாரு பாருங்க, நேத்து ஷேவ் பண்ணாத மூஞ்சி, அவருதான். ஏங்க, கொஞ்சம் நில்லுங்க, முதுகுல கவுனு கயிறு அவுந்திருக்குது.

சாந்தம்மாவக் கூப்பிட்டுட்டாங்க, போவட்டும், நீங்க உக்காருங்க. பயப்படாதீங்க, முக்கால்வாசிப் பேருக்கு என்னோடது மாதிரிதான் இருக்கும்.

என்னாண்ணா பண்றீங்க? சட்டப் பட்டன அவுத்துட்டு உள்ள கைய விட்டு... ஐயய்யோ, இங்க வேணாம்ணா. எல்லாம் பாக்கறாங்க. வீட்டுக்குப் போயி நல்லாக் கதவச் சாத்திட்டுப் பாருங்க.