பெரிய வெள்ளியன்று கொடியில் போட்ட வேட்டி

கல் வருகிறது. தோளுக்கு மேலே போகிறது. அடுத்தது முதுகில். ஓடுகிறேன். 1964, பெரிய வெள்ளி, காலை ஒன்பது நாற்பது. லுத்தரன் கோயிலில் மணி. கத்தோலிக்கர் தெருவில் மணி இல்லை; இந்த நாளில் அவர்கள் மணி அடிக்கமாட்டார்கள். அதற்குப் பதில் மரக் கிலுகிலுப்பை கடகடவென்கிறது.

"அண்ணை, அந்தப் பக்கம் போகாதேங்கோ! அங்கயும் நிக்கிறாங்கள்!"

ஜன்னலிலிருந்து கத்துவது அருள். என் அறைத்தோழன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன்.

கத்தோலிக்கரும் லுத்தரன்களும் அடித்துக்கொண்ட முப்பதாண்டுப் போர் முடிந்து முந்நூறு வருடம் ஆயிற்றாம். யார் சொன்னது? இந்த ஜெர்மன் கிராமத்தில் அது முடியவே இல்லை. கத்தோலிக்கர் நற்கருணை அப்பத்தை ஏந்திவரும் பவனி நாளில் லுத்தரன்கள் பாதையோரம் எரு கொட்டுவார்கள். பெரிய வெள்ளி லுத்தரன்களுக்கு எந்த வேலையும் செய்யாத பெருந்துக்க நாள். அன்று கத்தோலிக்கர் வேண்டுமென்றே துணி துவைத்துக் கொடி நிறையக் காயப்போடுவார்கள். எனக்கு இது தெரியாது. நான் தரங்கம்பாடி லுத்தரன். பெரிய வெள்ளி ஆராதனைக்கு எங்கள் ஊரில் வெள்ளைதான் உடுத்துவோம். விடியற்காலையில் வேட்டியை அலசிக் கொடியில் போட்டேன். நான் குடியிருந்ததோ கத்தோலிக்க வீடு. லுத்தரன்கள் கல்லெடுத்தார்கள். மடையன்!

ரெனாட்டாவுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை செய்தவள். இதே ஊர் லுத்தரன் வீட்டுப் பெண். ஈஸ்டர் ஞாயிறு எங்கள் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, கோயிலில் வாசிக்கப்பட இருந்தது. வியாழன் மாலை அவளிடம் சொன்னேன். காலையில் வேட்டியைத் துவைத்து, அதைக் கட்டிக்கொண்டு ஆராதனைக்கு வருவேன் என்றேன். தலையாட்டினாள். துவைக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் வழக்கம் நினைவுக்கு வந்திருக்காது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயில் வாசலை அடைகிறேன். அவள் நிற்கிறாள். பக்கத்தில் அப்பா. கை நீட்டி என்னைக் காட்டுகிறார்.

"துரோகி! உள்ளே விடாதீர்கள்!"

"ரெனாட்டா, சொல்லு! எதுக்குத் துவைச்சேன்னு சொல்லு!"

பயத்தில் தமிழில் கத்திவிட்டேன். மறுபடி ஜெர்மனில் கத்தினேன். ஒரு வாக்கியம் போதும். அவள் சொன்னால் ஊர் நம்பும். அப்பாவைப் பார்த்தாள். காலணியைப் பார்த்தாள். உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள் சத்தம்.

கத்தோலிக்கர் கை தட்டினார்கள். பாவிகள், என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்தார்கள். கல்லைவிட அந்தக் கைதட்டல்தான் வலித்தது. சீ!

இழந்தது இவ்வளவு. மூக்குக்கண்ணாடி. முன்பல் ஒன்று. அப்பமும் ரசமும் பெறும் பெரிய வெள்ளித் திருவிருந்து. ஞாயிறன்று வாசிக்கப்படாத ஓலை. அம்மாவுக்கு முன்பே கடிதம் போட்டிருந்தேன். அவள் தரங்கம்பாடியில் ஊரைக் கூட்டி இனிப்பு கொடுத்திருந்தாள்.

இழந்த ஆள் ஒன்று. ரெனாட்டா. உயிரோடுதான் இருக்கிறாள்.