படத்தில் இருந்த பையன்

அண்ணன்: கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிற. ஸ்க்ரூ கீழ விழுந்தா நீதான் தேடிக் குடுக்கணும்.

தங்கை: அந்த போனை அப்புறமா கழட்டலாம்ணே. முதல்ல இந்தப் படத்தைப் பாரு. முகத்தை மங்கலாக்கி வச்சிருக்காங்க. தெளிவாக்க முடியுமா?

அண்ணன்: என்ன, மாப்பிள்ளை படமா?

தங்கை: ஆரம்பிச்சிட்டியா? நாளைக்கு போலியோ சொட்டு மருந்து முகாம். மூணு வாரமா நாங்க பத்து வாலண்டியருங்க மாடி மாடியா ஏறி இறங்கிப் பேசியிருக்கோம். இன்னிக்குக் காலையில தெரு குரூப்புல இது வந்துச்சு... எல்லாம் போச்சு. தையல்கடை அக்கா கைக்குழந்தையை இறுக்கி அணைச்சுக்கிட்டு என் மூஞ்சியிலயே கதவைச் சாத்திட்டாங்க.

அண்ணன்: அப்படி என்ன எழுதியிருக்கு?

தங்கை: 'மூணாவது தவணை குடுத்த இருபதாம் நாள் இந்தப் பிள்ளைக்குக் கால் போச்சு. நம்ம தெருவுலயே நடந்தது.'

அண்ணன்: எங்க, காட்டு.

தங்கை: இந்த மாதிரிப் படமெல்லாம் எங்கேயோ கண்காணாத ஊர்ல எடுத்ததா இருக்கும், எங்கிருந்து கிளம்பிச்சுன்னு தேடிப் பிடிங்கன்னு பயிற்சியில சொன்னாங்க. அதான் உன்கிட்ட ஓடி வந்தேன். என்னண்ணே முழிக்கிற?

அண்ணன்: அழிச்சிடு.

தங்கை: நான் அழிச்சா? தெருவுல எண்பது பேர் போன்ல இருக்குண்ணே!

அண்ணன்: பெருசாக்காதன்னு சொல்றேன்ல... குடு அதை.

தங்கை: கையை எடு. இந்தக் காது... மடல்ல ஒரு துண்டு இல்ல... அண்ணே, இப்படித் திரும்பு.

அண்ணன்: எனக்கு வேலை கெடக்கு.

தங்கை: திரும்புண்ணே!

அண்ணன்: சரி, பாரு.

தங்கை: அதே காது! நீயா? இது... நீயா?

அண்ணன்: கத்தாத. பக்கத்துக் கடைக்குக் கேக்கும்.

தங்கை: உன் படம் இவங்க கைக்கு எப்படிப் போச்சு?

அண்ணன்: அந்தப் படம் அம்மாகிட்ட மட்டும்தான் இருக்கு.

தங்கை: நம்ம அம்மாவா? காய்ச்சல்ல கால் போச்சுன்னுதானே என்கிட்ட எல்லாரும் சொன்னீங்க?

அண்ணன்: காய்ச்சல் வந்தது நெசம். ஆனா அந்தக் காய்ச்சலே மருந்தாலதான் வந்துச்சுன்னு அம்மா சொல்வாங்க. உன் காதுல போட வேணாம்னு அப்பா தடுத்துட்டார். தையல்கடை அக்கா வந்து குழந்தைக்கு மருந்து குடுக்கலாமான்னு யோசனை கேட்டிருப்பாங்க. அம்மா மனசு கேக்காம எடுத்துக் காட்டியிருப்பாங்க. அதை அந்த அக்கா போன்ல படம் புடிச்சு யாருக்காவது அனுப்பியிருப்பாங்க.

தங்கை: அப்போ அது உண்மையா? மூணு வாரமா நான் வீடு வீடா போய்ச் சொன்னது...

அண்ணன்: ஏய், அழாத. இந்த டிராயரைத் திற. சார்ஜருக்கு அடியில ஒரு கவர் இருக்கும்.

தங்கை: சுகாதார நிலையத்துப் பதிவேட்டு நகல்... உன் பேரு. பொறந்தன்னிக்குப் போட்ட ஊசி. அப்புறம்... கோடு. இங்கயும் கோடு. அண்ணே, எல்லாமே கோடு! உனக்கு ஒரு சொட்டுகூடக் குடுக்கலியே!

அண்ணன்: குடுக்கல. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலைஞ்சப்போ வாங்கினது. எட்டு வருஷம் ஆச்சு.

தங்கை: எட்டு வருஷமா இதை ஸ்க்ரூடிரைவர் கூடப் போட்டு வச்சிருக்கியா?

அண்ணன்: வேற என்ன பண்ணச் சொல்ற? அம்மா கூட்டிட்டுப் போகாம விட்டுட்டாங்க, அதை மறைக்கத்தான் இந்தக் கதைன்னு நெனச்சேன். பத்து வயசு வரைக்கும் என்னை இடுப்புல சுமந்தவங்க. அவங்ககிட்ட போயி, 'உன்னாலதானே'ன்னு எப்படிக் கேக்கிறது?

அப்பா: அண்ணனும் தங்கச்சியும் கடைக்குள்ள என்ன ரகசியம்? இந்தா, சாப்பாடு. சூடு ஆறதுக்குள்ள...

தங்கை: அப்பா, இதைப் பாருங்க.

அண்ணன்: வேணாம். மடிச்சு வை.

அப்பா: கண்ணாடி எடுத்துட்டு வரலியேம்மா.

தங்கை: நான் படிக்கிறேன். அண்ணனுக்குச் சொட்டு மருந்தே குடுக்கலைன்னு இருக்கு. அம்மா ஏம்ப்பா தெருவெல்லாம் பொய் சொல்றாங்க?

அப்பா: அவளைச் சொல்லாத.

தங்கை: பின்னே யாரைச் சொல்றது?

அப்பா: அவளுக்கு அது பொய்னே தெரியாதும்மா.

அண்ணன்: என்னப்பா சொல்றீங்க?

அப்பா: அந்த ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளு... முதல் தவணை அன்னிக்கு அவளுக்கு உடம்பு முடியல. நான்தான் உன்னைத் தூக்கிட்டுப் போனேன். வரிசை கேட்டைத் தாண்டி நின்னுச்சு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு... திரும்பிட்டேன். 'போட்டாச்சா?'ன்னு கேட்டா. 'ஆச்சு'ன்னேன்.

அண்ணன்: அது ஒரு தவணைதானே? மத்ததெல்லாம்?

அப்பா: அவ போனா நான் மாட்டிக்குவேனே. அடுத்ததுக்கும் நானே போறேன்னேன். போகல. மருந்து போட்ட அட்டை எங்கேன்னு கேட்டா. தொலைஞ்சு போச்சுன்னேன்.

தங்கை: அப்பா...

அப்பா: இவனுக்குக் கால் விழுந்ததும், 'நான்தானே மருந்துக்கு அனுப்பினேன்'னு தலையில அடிச்சுக்கிட்டா. அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும். பயந்துட்டேன்.

அண்ணன்: எட்டு வருஷமா அம்மாவை நான்... அவங்க மூஞ்சியை நேருக்கு நேர் பார்த்துப் பேசியே எவ்வளவு நாளாச்சு தெரியுமாப்பா?

தங்கை: இரு. ஒரு நிமிஷம் இருண்ணே. மருந்தாலதான் உனக்கு இப்படி ஆச்சுன்னு நம்பின அம்மா, எனக்கு மட்டும் எப்படிப் போட விட்டிருப்பாங்க? அப்போ எனக்கும் போடலியா? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் குடுங்கன்னு தொண்டை கிழியக் கத்திட்டு...

அண்ணன்: கேக்கிறாள்ல? சொல்லுங்கப்பா.

அப்பா: வாங்க, வீட்டுக்குப் போவோம். உங்கம்மாகிட்ட நானே சொல்றேன். தையல்கடைப் பொண்ணுகிட்டயும் சொல்றேன். நாளைக்கு முகாம் வாசல்ல நின்னு எல்லாருக்கும் சொல்லச் சொன்னாலும் சொல்றேன்.

தங்கை: எனக்குப் போட்டீங்களா, இல்லியா?

அப்பா: உனக்கு ஒரு தவணைகூடத் தப்பலம்மா. பார்க்குக்குத் தூக்கிட்டுப் போறேன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டு... எவ்வளவு பெரிய வரிசையா இருந்தாலும் நின்னேன்.