மூணு தவு கேப்பு

...அதான் நைனா, தப்பு என்னுதுன்னு எவன் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அளந்தது நானு. போரிங் மெஷினு என்னுது. மைக்ரோமீட்டர என் பொண்டாட்டியக்கூட தொட வுட்டதில்ல. இதுல தப்பு எங்கேந்து வரும்? நீயே சொல்லு... வாணாம் வுடு, நானே சொல்றேன். ஒக்காரு. அந்த ஸ்டூலு ஆடும், செவுத்துல சாஞ்சிக்கோ. உன் வண்டி சிலிண்டரு எங்கயும் ஓடிப்போவாது.

காதுல வுயுதா? மைக் செட்டு. அந்தாண்ட தெருவுல மண்டபம் கீதே, அங்கதான். எங்க நீலா பொண்ணுக்கு இன்னிக்கு மஞ்ச நீராட்டு. நீலா என் கூடப்பொறந்த தங்கச்சி, ஒரே தங்கச்சி. மலரு அவ பொண்ணு. அப்ப நான் யாரு? தாய்மாமன்! தாய்மாமன் இன்னா பண்ணிகினு கீறான்? கிரீஸு கையோட உன்னாண்ட பேசிகினு கீறான். மால போடுறதுக்கு எங்க பெரியப்பா மவன் ஒர்த்தன கூட்டாந்து நிக்க வச்சிகிறாங்களாம். அவன் மலர ரோட்ல பாத்தா, 'இன்னாம்மா, யாரு வூட்டுப் பொண்ணு நீ'ன்னு கேப்பான். அவன் மாமனாம்!

இல்ல, எனக்கு வருத்தம்லாம் ஒண்ணியும் இல்ல. நான் எதுக்கு வருத்தப்படணும்? புதுச்சட்ட வாங்கி உள்ள மாட்டி வச்சிகீறேன், அத்தப் பாக்கும்போதுதான் கொஞ்சம்... சரி வுடு.

அல்லாம் ஒரு பிஸ்டனால வந்த பேஜாரு. எத்திராஜுன்னு, நீலா புருசன், என் மச்சான். காசிமேட்டுல ஃபைபர் போட்டு ஒண்ணு வச்சிகீறான், மீன் புடிக்கிற படகு. போட்டுக்குப் பின்னால தொங்குதே சின்ன இஞ்சினு, அது டூ ஸ்ட்ரோக்கு. தேஞ்சிபோயி பொகயா கக்குதுன்னு என்னாண்ட கொண்டாந்தான். நானும் சிலிண்டர போரு பண்ணி, அதான் உள்ளார வெட்டி அகலமாக்கி, புது பிஸ்டனுக்கு மேச்சா செட் பண்ணிக் குட்த்தேன். காசு வாங்கல, மச்சானாச்சே. கடலுக்குப் போனான். கரையே தெரியாத தூரத்துல இஞ்சினு கப்புனு புடிச்சிகிச்சாம். ஜாமு! கயிற இய்த்தா அசையவே இல்லியாம். ராத்திரி பூரா மெதந்துகினு கெடந்து, மறுநாளு எண்ணூரு பக்கமா வேற போட்டுக்காரனுங்க பாத்து, கட்டி இய்த்துகினு வந்தானுங்க.

வந்து எறங்குனவன் வூட்டுக்குப் போயி ஒரு வாய் கஞ்சி குட்ச்சானா? நேரா இங்க வரான். 'மச்சான், நீ டைட்டா வச்சிட்ட'ன்றான். யாரப் பாத்து? என்னப் பாத்து! எனக்கு ஜிவ்வுனு ஏறிச்சி பாரு... வாய வச்சிகினு சும்மா இருந்தேனா? அதான் நமக்குத் தெரியாதே. மறுநா காலைல மீன் ஏலம் நடக்குற எடத்துக்கே போயி, அத்தினி பேரு முன்னால, 'டேய், பெட்ரோல்ல ஆயிலு கலக்க வக்கில்லாத கஞ்சப்பய நீ, என் போரிங்க கொற சொல்றியா'ன்னு கத்திட்டு வந்தேன். கூடை வச்சிகினு நின்ன பொம்பளைங்க அல்லாம் சிரிச்சிட்டாங்க. அன்னிலேந்து அவனுக்கு 'ஆயிலு'ன்னே பேரு வச்சிட்டானுங்க. 'ஆயிலு, இன்னிக்கு இன்னா மீனு'ன்றானுங்க. அவன் புள்ளயாண்டயே, 'உங்கப்பன் ஆயிலு எங்க'ன்னு கேக்குறானுங்களாம். நல்லா வேணும்னு இருந்துச்சி எனக்கு... அன்னிக்கு.

நீலா வந்தா. உள்ள வரல, அந்தா, அந்த ஷட்டராண்டயே நின்னுகினா. 'அண்ணே, உனக்கு உன் கணக்குதான் கூடப்பொறப்பு'ன்னு ஒரே வார்த்த. பூட்டா. அதுக்கப்பறம் ஒரு போனு கெடயாது.

நீ கடியாரத்தப் பாக்காத, வேல நடக்கும். வாயிதான் பேசுது, கை வேல செய்யும். இத்தக் கேட்டுக்கோ, உன் வண்டிக்கும் ஆவும். டூ ஸ்ட்ரோக்குக்கு வால்வு கெடயாது, ஒண்ணும் கெடயாது. சிலிண்டரு செவுத்துல ஜன்னலு ஜன்னலா வுட்டுகீறான் பாரு, பிஸ்டனே மேல கீய ஓடி அத்த மூடித் தொறக்கும். அதனால வெட்டுற டூலு சுத்தும்போது ஜன்னலு வந்தா வுயும், தாண்டுனா எயும். அவசரப்பட்டு ஒரே வெட்டுல நெறைய எட்த்தா வட்டம் வட்டமா வராது. மொத வெட்டு கொஞ்சம் தாராளமா, ரெண்டாவது அதுல பாதி, கடசி ஒரு தவ மிச்சம் வுட்டு கல்லு போட்டுத் தேய்க்கணும். தவுன்னா? ஒரு இஞ்ச ஆயிரம் பங்கா போட்டு அதுல ஒரு பங்கு. உன் தலமுடி கீதே... சரி, கொஞ்சந்தான் கீது, பரவால்ல... அதுல ஒண்ணு புடுங்கி அளந்தா மூணு தவு வரும்.

பிஸ்டனு அலுமினியம். சிலிண்டரு இரும்பு. சூடு பட்டா அலுமினியம் ஜாஸ்தி உப்பும், இரும்பு கம்மியா உப்பும். அது உப்புறதுக்கு எடம் வுடணும்ல? அதான் கேப்பு. போட்டு இஞ்சினுக்கு மூணு தவு, உன் வண்டிக்கு ரெண்டு போதும். பிஸ்டன அள, கேப்ப கூட்டு, சிலிண்டரு அளவு வந்துடுச்சி. அஞ்சாங்கிளாஸு புள்ள போடுற கணக்கு. நான் அஞ்சாங்கிளாஸத் தாண்டல, நானே போடுறேன்னா பாத்துக்கோ.

கடலுக்கு ஏன் போவலன்னா கேட்ட? கேக்கலியா? கேட்ட மாரி இருந்துச்சி. மீன்காரன் வூட்ல பொறந்தும் நமக்கு அலை ஆவாது நைனா. மொதவாட்டி எங்கப்பன் கூட்டிகினு போனப்போ, வலைய எறக்குறதுக்கு முன்னாடி என் கொடல எறக்கிட்டேன். 'இவன எங்கயாச்சும் தரைல வுடுங்கடா'ன்னு இந்தப் பட்டறைல கொண்டாந்து வுட்டாரு. அப்பலேந்து இங்கதான். வாசல்ல கன்டெய்னர் லாரி நவுந்தா எனக்கு இன்னும் தல சுத்தும். இதுல போட்டுக்காரனுக்கு புத்தி சொல்றேன் நானு! உதாருக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

சரி, உன் சிலிண்டர மெஷின்ல ஏத்தியாச்சி. வெட்டுறதுக்கு முன்னால இன்னொருவாட்டி பிஸ்டன அளந்துக்கறேன். ரெண்டு வாட்டி அளக்குறது என் பயக்கம். பிஸ்டனோட கீய்ப்பக்கத்துக்கு பாவாடன்னு பேரு, அதுல குறுக்கால, இப்டி அளக்கணும். மேல அளந்தா ஏமாத்திடும்...

இரு. இன்னா இது?

மொதல்ல அளந்தப்போ மெஷினு மேல சாக்பீஸால எய்தி வச்சேன், பாரு. இப்போ ஒரு தவு கம்மியா காட்டுது. நைனா, நீ பிஸ்டன மாத்திட்டியா? கோச்சிக்காத, கேட்டேன். ஒண்ணுதான் கொண்டாந்தியா? சரி. மைக்ரோமீட்டரு பூட்ச்சா... ஜீரோ கரீட்டா கீது. மறுபடியும் அளக்குறேன். அதே ஒரு தவு கம்மி. நான் சொல்லிகினே கீறேன், அளவுல எனக்குத் தப்பு வராது. அப்ப பிஸ்டன்தான் சுருங்கிச்சா?

...சுருங்கித்தான் கீது.

நீ வந்ததும் இத்த மண்ணெண்ணெயில கயுவி, காயட்டும்னு வெயில்ல அந்த டிரம்மு மேல வச்சேன்ல? கை சுட சுட எட்த்து அளந்தேன். அப்பால இங்க ஃபேனுக்குக் கீய வச்சிட்டுப் பேச ஒக்காந்தேன். நான் பேசுன பேச்சுல பிஸ்டனே ஆறிப்பூட்ச்சி! சூட்ல உப்பிகினு ஒரு தவு ஜாஸ்தி காட்டிகீது. அந்தக் கணக்குல சிலிண்டர வெட்டி இருந்தேன்னு வையி, உன் வண்டி லொடலொடன்னு ஆடும். நீ வந்து என் சட்டயப் புடிப்ப. உனக்கு நல்ல நேரம், நான் வாயாடியா பூட்டேன். வாயால ஒரு நல்லது நடந்துச்சின்னா என் வாழ்க்கைல இதான் மொதவாட்டி.

சிரிக்கிறியா? சிரி சிரி. ஆறட்டும், நெயல்ல வச்சி அளப்போம். எத்திராஜு பிஸ்டன நான் வெயில்ல வைக்கவே இல்ல, அது நல்லா ஞாவகம் கீது. அன்னிக்கு அவன் ஹார்பர்லேந்து நேரா வந்தான். வஞ்சிரம், இந்தா, இத்தாந்தண்டி. ஏலத்துக்குப் போடாம எனக்குன்னு எட்த்து வச்சிகினு வந்தான். வண்டில பின்னால பொட்டி. பிஸ்டனையும் அதுக்குள்ளயேதான் பாலிதீன் கவரு சுத்தி வச்சிருந்தான், மீனு மேல...

ஐஸு மேல.

...

நைனா, கொஞ்சம் தண்ணி எட்றா அந்தக் கொடத்துலேந்து.

சில்லுனு இருந்துச்சி. கைல வாங்குனப்பவே சில்லுனு இருந்துச்சி, எனக்குத் தெரியும். துணியால தொட்ச்சேன். ஒடனே அளந்தேன். ரெண்டாவது வாட்டி அளக்கல. அன்னிக்கு ஒரு வாட்டிதான். பொண்டாட்டி மீன வாங்க உள்ளேந்து வந்துகினு இருந்தா, நான், 'தலைய கொயம்புக்கு வையி, துண்ட வறுவலுக்கு வையி'ன்னு சொல்லிகினு இருந்தேன். கண்ணு மைக்ரோமீட்டர்ல இல்ல, வஞ்சிரத்துல. ஐஸுல சுருங்கிக் கெடந்தத அளந்து, அதுக்கு மூணு தவு கூட்டி வெட்டிட்டேன். பிஸ்டனு தன் அளவுக்கு வந்தப்பவே அந்த மூணுல பாதி பூட்ச்சி. கடல்ல முறுக்கி ஓட்டும்போது மீதியும் பூட்ச்சி. அப்புறம் புடிச்சிக்காம இன்னா பண்ணும்?

ஆயிலு ஒயுங்காதான் கலந்துகீறான் அவன். அவன் அப்டிப்பட்டவன் இல்ல, எனக்குத் தெரியாதா? ஒரு சொட்டு ஜாஸ்தியாதான் வுடுவான். டைட்டா வச்சிட்டன்னு சொன்னான், அது நெசம். நெசத்த சொன்னவன பேரு வச்சி ஊரே கூப்புட வச்சிட்டேன்.

காத்து கொஞ்சம் அடிச்சிருந்தா போட்டு கவுந்திருக்கும் நைனா. நீலா அன்னிக்கு கரையில மண்ணுல ஒக்காந்துகினு, சாப்புடாம தூங்காம, வர்ற போட்ட எல்லாம் எட்டி எட்டிப் பாத்துகினு இருந்தா. நான் பக்கத்துலதான் நின்னேன், தகிரியம் சொன்னேன். இன்னான்னு சொன்னேன் தெரியுமா? 'இஞ்சினு நான் செட் பண்ணது, ஒண்ணும் ஆவாது'ன்னு சொன்னேன். அவன் குட்த்த வஞ்சிரத்த துன்னுட்டு, அவன சாவடிக்கப் பாத்துகீறேன்.

நான் கெளம்புறேன். சட்டயா? வாணாம், இதே சட்ட போதும். மால அவன் போட்டா போடட்டும், போட்டாச்சோ இன்னாவோ, அதுக்கு நான் போவல. ஏலத்துல கத்துனேன்ல? காசிமேடு மொத்தமும் இப்போ அந்தப் பந்தில ஒக்காந்து துன்னுகினு கீது. அத்தினி பேரு காதுலயும் வுயற மாரி சொல்லணும். எத்திராஜ இனிமே எவனும் அந்தப் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது.

இன்னான்னு சொல்லுவேனா? 'மச்சான், எம்மேலதான்...' இரு, மறுக்கா சொல்றேன். 'மச்சான், நீ சொன்னது...' ச்சே. பாத்தியா? காலைலேந்து வாய மூடாம பேசிகினு கீறேன், இந்த ஒரு பேச்சு வெளிய வர மாட்டேங்குது.

நைனா... நீ கூட வரியா? தெரியாத வூட்டு விசேசம்தான், நான் கூட்டிகினு போறேன், எவன் கேப்பான்? நீ ஒண்ணும் பேச வாணாம். என் பக்கத்துல நில்லு, அது போதும். நான் பாதில வேற எதனா பேச ஆரம்பிச்சேன்னு வையி, வஞ்சிரம், பிஸ்டனு, கடலுன்னு, இடுப்புல ஓங்கி ஒரு குத்து வுடு. வுடுவியா? ...சரி, வா. ஷட்டர எறக்கு.