மேட்டின் அடியில் ஒரு கோடு

இந்த விசாரணை அறையில் குளிர் கொஞ்சம் அதிகம் சார். எனக்குப் பழக்கம்தான். அடையாறில் எங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஏசியை நிறுத்துவதில்லை; இயந்திரத்துக்குப் புழுக்கம் ஆகாது.

வேலை எளிமையானது. இருமல் மருந்தில் சேர்க்கும் கரைப்பானில் ஒரு துளியை இயந்திரத்துக்குள் செலுத்துவோம். அது ஆவியாகி நீண்ட குழாய் வழியே போகும். கலந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும்; திரையில் ஒவ்வொன்றும் ஒரு மேடு. சிறுநீரகத்தைக் கெடுக்கும் டைஎத்திலீன் கிளைக்காலின் மேடு மட்டும் இருப்பதே தெரியக்கூடாது. மேட்டின் அடியில் ஒரு கோடு உண்டு. அதற்கு மேலே இருப்பதுதான் அளவில் சேரும்; கோட்டை உயர்த்தினால் அளவு குறைந்துவிடும். கணினி போட்ட கோடு சரியில்லை என்று பட்டால் நாங்களே மவுசால் இழுத்துப் போடலாம்.

ஒரு வியாபாரி அனுப்பிய பீப்பாயில் அந்த மேடு தெரிந்தது. முதல் முறை கோட்டை உயர்த்தியது நல்ல எண்ணத்தில்தான். முந்தைய மாதிரியின் மிச்சம் ஊசியில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அதே வியாபாரியிடமிருந்து அடுத்த பீப்பாய் வந்தபோது ஊசியை நன்றாகக் கழுவிவிட்டுப் பார்த்தேன். மேடு அங்கேயே இருந்தது. அதற்குள் முதல் பீப்பாய் மருந்தாகிக் கடைகளுக்குப் போய்விட்டது. இதைத் தள்ளினால் அதையும் தோண்டுவார்கள். மறுபடி உயர்த்தினேன். பிறகு அங்கிருந்து வந்த எல்லாவற்றுக்கும் உயர்த்த வேண்டியதாயிற்று. வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

ஜொவிட்டா எனக்குப் பக்கத்து மேசை. ஒரு மதியம் கைப்பையிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்தாள்.

"அண்ணா, எம் பொண்ணு டெல்பின் ராத்திரியெல்லாம் இருமிக்கினே கீறா. இது நம்ம லேப்ல பாஸான சரக்குதானே? குடுக்கலாமா?"

புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பீப்பாய்களை வாங்கும் அதே கம்பெனி.

"இன்னாண்ணா, லேபிளயும் மெஷின்ல போட்டுப் பாக்கணுமா?" என்று சிரித்தாள்.

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவளும் கோடு இழுக்கத் தெரிந்தவள்.

"குடும்மா. வேளை தவறாம குடு," என்றேன்.

டெல்பினுக்கு நான்கு வயது. வாரம் முடிவதற்குள் சிறுநீர் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது நானும் அங்கேதான் நின்றிருந்தேன். "இந்த அண்ணன் டெஸ்ட் பண்ண மருந்துதான் டாக்டர்," என்றாள் ஜொவிட்டா. நான் தலையசைத்தேன். அவர்கள் வேறு காரணம் தேடப் போனார்கள்.

பெசன்ட் நகரில் அடக்கப் பூசை. சின்னப் பெட்டி. ஒரு முனையை நான் பிடித்தேன்.

ஆம், தெரிந்தேதான் கொடுக்கச் சொன்னேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்: அவள் என்னிடம் கேட்காமல் இருந்திருந்தால், அந்தக் குழந்தைக்கு நான் ஒரு கெடுதலும் செய்திருக்க மாட்டேன்.