எண்ணெய் காயாத குழல்

எனக்குச் சுத்தம் கொஞ்சம் அதிகம் ஐயா. ஈரத்துண்டை யாராவது நாற்காலியில் சுருட்டிப் போட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது என்று என் மனைவி கேலி செய்வாள். அப்படிப்பட்டவனுக்கு இருபத்திரண்டு வருடமாகக் காவல்துறையின் துப்பாக்கிகளைத் துடைக்கிற வேலை. பொருத்தம்தான்.

தூரத்துக் குறிக்கான துப்பாக்கியின் குழலைப் பச்சைக் குழந்தையைப் போலக் கையாள வேண்டும். பின்பக்கத்திலிருந்து மட்டுமே துடைக்கும் கம்பியை விடலாம். வாய்ப்பக்கம் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு. துணி வெள்ளையாக வெளியே வரும்வரை துடைத்து, துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வைப்பேன். அந்த எண்ணெயோடு சுட்டால் முதல் குண்டு நாலு விரல் தள்ளிப் போகும். அதனால் கொடுப்பதற்கு முன் எண்ணெயைத் துடைத்தெடுத்து, மண்மேட்டில் மூன்று குண்டு சுட்டுப் பார்ப்பேன். அது என் பொறுப்பு.

எங்கள் பிரிவில் குறி பார்த்துச் சுடுபவனுக்கு ஒத்தைக்குண்டு என்று பட்டப்பெயர். இரண்டாவது குண்டு அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு என் மகன் புத்தி பேதலித்துப்போய், மூன்றாவது மாடியில் காய்கறிக் கத்தியோடு நின்றான். அவன் அம்மாதான் பயந்துபோய் காவல்துறையைக் கூப்பிட்டாள். நான் ஓடிவந்து இரண்டாவது மாடி ஏறும்போது ஒத்தைக்குண்டின் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இன்னும் பதினாறு படிதான். என் குரல் கேட்டிருந்தால் பிள்ளை கத்தியைப் போட்டிருப்பான்.

துக்கம் விசாரிக்க ஒத்தைக்குண்டு வந்தான்.

"அவனுக்கு வலியே தெரிஞ்சிருக்காது அண்ணே. துப்பாக்கிய அவ்ளோ நல்லா வெச்சிருந்தீங்க."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னான். அந்த நிமிடத்திலிருந்து அவனை வெறுத்தேன். ஆனால் கொல்ல நினைக்கவில்லை. செத்தவனுக்கு என்ன தெரியும்? அவன் உயிரோடிருந்து தினமும் வேக வேண்டும். அதற்காக இரண்டு வருடம் அவன் துப்பாக்கியை முன்னைவிட நன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். என்மேல் சந்தேகம் வரவே இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எண்ணெய் பூசி முடித்திருந்தேன். தபால் அலுவலகத்தில் ஒருவன் ஒரு பெண்ணைப் பிடித்து வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒத்தைக்குண்டு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"சுட்டுப் பாத்தாச்சா அண்ணே?"

"ஆச்சுப்பா."

குண்டு நாலு விரல் தள்ளிப் போய் அந்தப் பெண்ணின் நெற்றியில் பட்டது. ஒத்தைக்குண்டு இப்போது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறானாம்.

அவள் எனக்கு என்ன தீங்கு செய்தாள் என்று கேட்கிறீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று நேற்று எழுதிக் கொடுத்தேனே, அதை அடித்துவிடுங்கள். துப்பாக்கிக் கிடங்கு டிவியில் அந்தத் தபால் அலுவலகத்தை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கன்னமும் அவளைப் பிடித்திருந்தவன் கன்னமும் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். குண்டு வெறும் சுவரில் பட்டால் ஒத்தைக்குண்டுக்கு நாலு திட்டோடு போய்விடும், அது போதாது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் ஆச்சு என்றேன்.